ஆப்பிரிக்காவுக்குப் பாடம் சொல்லப் போன கதை

பொங்கல் விழாவுக்கான ஆலோசனைக் கூட்டம் முடிந்து, நம் சங்கக் கட்டடத்தின் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், நம்ம நாட்டுலயே ஆயிரம் குறை இருக்கு. நம்ம அரசாங்கம் ஆப்பிரிக்காக்காரங்களுக்கு டிக்கெட்டும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, இலவசமா டிரெயினிங் கொடுக்குதாமே! அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? நீங்க அங்கே போயிட்டு வந்தவர்தானே, சொல்லுங்க."

காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல. "எழுதித் தருகிறேன், தம்பி" என்றேன். ஆகவே இந்தக் கட்டுரை.

நான் பெரிய படிப்பு படித்தவனல்லன். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்தேன். பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராகத் தொடங்கி, உதவிப் பொறியாளராக உயர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தினேன். அதில் 1996 இறுதி தொடங்கி இரண்டு ஆண்டுகள், கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் ரயில்வே பயிற்சிப் பள்ளியில் டெப்புடேஷனில் இருந்தேன். அந்த நாட்டின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்ல வேண்டிய குறைகளில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கிறது.

பயிற்சி நிலையம் எதற்கு?

முதலில் ஒரு சின்ன விளக்கம். தண்டவாளமும் எஞ்சினும் டிரைவரும் இருந்துவிட்டால் ரயில் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. எட்டு மாதம் கழித்துத் தேவைப்படப்போகும் ஃபிஷ்பிளேட் போல்ட்டுக்கு இன்றைக்கே இண்டென்ட் போட ஒருவருக்குத் தெரிய வேண்டும். எந்த கேங்கை எந்த வாரம் எந்த மைலில் இறக்குவது, மழைக்கு முன் எந்த வேலையை முடிப்பது, கையில் உள்ள பணம் போதாதபோது எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட்டால் வண்டி கவிழும் என்பதெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை. இதைத்தான் மேலாண்மை என்கிறோம். மருத்துவமனைக்கும், மின்வாரியத்துக்கும், மாவட்ட அலுவலகத்துக்கும் இதே கதைதான்.

நம் ரயில்வேயில் இதற்கென்று ஒரு கல்லூரியே இருந்தது. 1930-இல் டேராடூனில் தொடங்கிய ரயில்வே ஸ்டாஃப் காலேஜ், 1952-இல் பரோடாவில் பிரதாப் விலாஸ் அரண்மனைக்கு மாறியது. அதிகாரிகள் அங்கே போனார்கள். எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களுக்கு மண்டலப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக ஒருவர் கற்றதை அடுத்தவருக்குக் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது. நாம் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. அது இல்லாத இடத்துக்குப் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

1960-க்குப் பிறகு

1960-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. கொடி ஏறியது, நிர்வாகம் செய்ய ஆள் இல்லை. பெல்ஜியத்திடமிருந்து அந்த ஆண்டு ஜூன் 30-இல் விடுதலை பெற்ற காங்கோவில், அந்த நாட்டு மக்களில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் இருபது பேர்கூட இல்லை. அது மேற்கு ஐரோப்பா அளவுக்கு விரிந்து கிடக்கும் நாடு!

கிழக்கு ஆப்பிரிக்காவின் கதை சற்று வேறு. அங்கே ரயில் போட்டதே நம் நாட்டவர்கள்தாம். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி, 1901-இல் விக்டோரியா ஏரிக் கரையை எட்டிய உகாண்டா ரயில்வேக்காக இந்தியாவிலிருந்து போன தொழிலாளர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். நம் மீட்டர் கேஜே அங்கும் போடப்பட்டது. பின்னர் உயர்ந்த பதவிகளில் ஆங்கிலேயர். கணக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், மெக்கானிக் போன்ற நடுப் பதவிகளில் பெரும்பாலும் இந்தியர். அடிமட்ட வேலையில் மண்ணின் மைந்தர்கள் என்று ஆயிற்று. விடுதலைக்குப் பிறகு மேலே இருந்த இரண்டு கூட்டமும் மெல்ல மெல்லக் கிளம்பியபோது, இடைவெளி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் வெளிநாட்டு உதவியோடு பயிற்சி நிலையங்கள் வந்தன. 1961-இல் கென்யாவில் லோயர் கபேட்டே என்ற இடத்தில் கென்ய நிர்வாகவியல் நிலையம் தொடங்கியது. அதே ஆண்டு கானாவில், ஐ.நா. சிறப்பு நிதியின் துணையோடு பொது நிர்வாக நிலையம் தொடங்கியது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து நடத்திய கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் 1977-இல் உடைந்து, பொதுவாக இருந்த ரயில்வேயும் மூன்று துண்டாகியது. அந்தச் சமூகத்துக்காக ஏற்பட்ட மேலாண்மைப் பயிற்சி மையம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1980-இல் அது கிழக்கு மற்றும் தென் ஆப்பிரிக்க மேலாண்மை நிலையம் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பொதுவாகி, தான்சானியாவின் அருஷா நகரில் இன்றும் நடக்கிறது.

உதவி எந்த உருவத்தில் வரும்?

பணமாக நேரே கையில் கொடுப்பது அபூர்வம். வழக்கமான உதவித் திட்டத்தில் நான்கு பொருள்கள் இருக்கும். ஒன்று கட்டடம், கருவிகள். இரண்டு, வெளிநாட்டு நிபுணர். மூன்று, அந்த நிபுணரின் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டு, அவர் போனபின் அதே நாற்காலியில் அமர வேண்டிய உள்ளூர் இணைப் பயிற்றுநர். நான்கு, உள்ளூர் ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் உதவித்தொகை.

காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. மூன்று அல்லது நான்கு ஆண்டில் நிபுணர் கிளம்பிவிடுவார், நிலையம் தன் காலில் நிற்கும். நடந்தது என்ன என்பதை என் பள்ளியை வைத்தே சொல்கிறேன்.

என் பள்ளி

நான் போய் இறங்கியபோது பள்ளி பார்க்க அழகாக இருந்தது. ஒரு ஐரோப்பிய நாடு வகுப்பறைகளைக் கட்டிக் கொடுத்திருந்தது. வேறொரு நாடு, தண்டவாளத்தின் கீழ் ஜல்லியை இறுக்கும் டாம்பிங் மெஷின் ஒன்றைக் கொடுத்திருந்தது. அந்த மெஷின் யார்டின் ஓரத்தில் நின்றது. அதன் ஹைட்ராலிக் பம்புக்கு உதிரிப்பாகம் வாங்க வெளிநாட்டுப் பணம் வேண்டும்; பள்ளிக்கு அந்த பட்ஜெட் இல்லை. கொடுத்த நாடு மெஷினுக்குப் பணம் கொடுத்தது. அதை ஓட்டுவதற்கான ஆண்டுச் செலவுக்குக் கொடுக்கவில்லை. அது உள்ளூர் அரசின் பொறுப்பு என்று ஒப்பந்தம். உள்ளூர் அரசிடமோ ஆசிரியர் சம்பளத்துக்கே தட்டுப்பாடு.

நாங்கள் இந்தியர்கள் நான்கு பேர். தண்டவாளப் பராமரிப்பு நிர்வாகத்தை சூப்பர்வைசர்களுக்குக் கற்பிப்பது என் வேலை. மூன்று வார வகுப்பு. மீட்டர் கேஜில் பழகியவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் நம் மேனுவலைப் பார்த்துப் பார்த்து, ஆறு மாதத்தில் முந்நூறு பக்கம் பாடக் குறிப்பு தயாரித்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

மாணவர்கள் அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். பலர் வந்தது வகுப்புக்காக அல்ல, வகுப்புக்கு வந்தால் கிடைக்கும் தினப்படிக்காக என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மூன்று வாரப் படி பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதனால் எந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்பதில் மேலதிகாரிகள் கருணையைப் பார்த்தார்களே தவிர, தேவையைப் பார்க்கவில்லை. ஒரே ஆள் ஒரே வகுப்புக்கு இரண்டு முறை வந்ததும் உண்டு. 'போன தடவை சரியாகப் புரியவில்லை' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

முவாலிமு கேட்ட கேள்வி

என் இணைப் பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேங்மேனாகச் சேர்ந்து, படித்து, இன்ஸ்பெக்டராகி, ஆசிரியரானவர். எல்லோரும் அவரை 'முவாலிமு' என்பார்கள். சுவாஹிலியில் வாத்தியார் என்று பொருள். அவர் என்னை 'ஃபுண்டி' என்று கூப்பிடுவார். வேலை தெரிந்த மேஸ்திரி என்று அர்த்தம். மரியாதையா கேலியா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு மாலை, அவர் என் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஃபுண்டி, உங்கள் பாடத்தில் ஒரு கேங்குக்குப் பதினெட்டு பேர், அவர்களுக்கு ஆறு கிலோமீட்டர். எங்களிடம் ஒரு கேங்குக்கு ஆறு பேர், பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை என்ன செய்ய வேண்டும் என்று இந்த முந்நூறு பக்கத்தில் எங்கே இருக்கிறது?"

எங்கேயும் இல்லை. நான் கற்றுக்கொடுத்தது பதினெட்டு பேர் உள்ள ரயில்வேயின் நிர்வாகம். ஆறு மாதமாக யாரும் இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டு நிபுணரிடம் எப்படிச் சொல்வது என்ற மரியாதைதான் காரணம்.

மறு வாரமே முதல்வரிடம் அனுமதி வாங்கி, நாங்கள் இருவரும் டிராலியில் கிளம்பினோம். பதினொரு நாள். கேங் குடிசைகளில் தங்கி, உகாலி என்ற சோள மாவுக் களியையும் கீரையையும் சாப்பிட்டோம். ஆட்களைக் கேட்டோம். ஆறு பேரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த சில மேஸ்திரிகள் இருந்தார்கள். ஒருவர் தன் பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஒரே மாதிரி பார்ப்பதை விட்டுவிட்டு, வளைவுகள், பாலத்தின் இரு முனைகள், சதுப்பு நிலம் என்று மூன்றரை கிலோமீட்டரை மட்டும் வாரந்தோறும் பார்த்தார். மற்றதை மாதம் ஒருமுறை நடந்து பார்த்துக் கணக்கு எழுதினார். ஆறு ஆண்டில் அவர் பிரிவில் ஒரு வண்டியும் தடம் புரளவில்லை. அவருக்கு மேலாண்மை என்ற சொல்லே தெரியாது.

இப்படி எட்டு நிகழ்வுகளை எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பிறகு அவர் திருத்தினார். ஒவ்வொன்றின் முடிவிலும், 'நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. அடுத்த வகுப்பில் முந்நூறு பக்கத்தை மூடி வைத்துவிட்டு இந்த எட்டையும் எடுத்தோம். முதல் நாளே சண்டை! "அந்த மேஸ்திரி செய்தது தப்பு" என்று ஒருவர், "உனக்கு என்ன தெரியும்" என்று இன்னொருவர். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் ஆசிரிய வாழ்க்கையில் அதுதான் நல்ல நாள்.

நான் செய்த தவறு

இனி சொல்லத் தயங்குகிற பகுதி. திட்டம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது முவாலிமு பள்ளியை விட்டுப் போய்விட்டார். தலைநகரில் வேறொரு வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு, அலுவலகப் பொறுப்பாளராக உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. ஐந்து மடங்கு சம்பளம். வண்டிகளுக்கு டீசல் கணக்கு எழுதி, வருகிற நிபுணர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருகிற வேலை.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஒன்றரை ஆண்டு உழைப்பு வீணாயிற்றே, நாம் போனபின் நடத்த வேண்டியவர் பணத்துக்காக ஓடிவிட்டாரே என்று. அவர் விடைபெற வந்த அன்று வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். பள்ளியில் அவர் வாங்கிய சம்பளம் மாதத்தில் பதினைந்து நாள் குடும்பம் நடத்தத்தான் போதும். நான்கு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம். நானோ ஊர்ச் சம்பளம் போக, டாலரில் டெப்புடேஷன் படி வாங்கிக்கொண்டிருந்தேன். நாக்பூரில் என் வீட்டின் மேல்மாடி அந்தப் பணத்தில் கட்டியது. இரண்டு ஆண்டு அயல்நாட்டில் இருந்து வீடு கட்டியவன், பிள்ளைகளைப் படிக்க வைக்க ஊருக்குள்ளேயே வேலை மாறியவரைத் துரோகி என்று நினைத்திருக்கிறேன்! எனக்குத் தந்ததில் பத்தில் ஒரு பங்கை அவருக்கு மேல்படியாகக் கொடுத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். ஆனால் திட்டத்தில் அதற்குத் தலைப்பு இல்லை.

எங்கள் இறுதி அறிக்கையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பயிற்சி பெற வேண்டியவர்கள் 240, பெற்றவர்கள் 251. திட்டம் வெற்றி.

பெரியவர்கள் கண்டதும் இதுவே

இது என் ஒருவனுடைய அனுபவம் அல்ல என்பது பின்னாளில் படித்தபோது தெரிந்தது. 1993-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக எலியட் பெர்க் என்ற பொருளாதார அறிஞர் தலைமையில் தயாரான அறிக்கை, ஆப்பிரிக்காவில் தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்பதையே அலசியது. வெளிநாட்டு நிபுணர் - உள்ளூர் இணை ஆள் என்ற முறை, வேலையை ஓரளவு முடிக்கிறது. ஆனால் உள்ளூர்த் திறமையை வளர்ப்பதில் தோற்றுப்போகிறது என்பது அதன் சாரம்.

1980-களில் பல ஆப்பிரிக்க நாடுகள் கடனில் மூழ்கி, அரசுச் செலவைக் குறைக்க வேண்டி வந்தது. விலைவாசி ஏற, அரசு ஊழியரின் சம்பளம் கரைந்தது. நல்ல ஆசிரியர்கள் தனியாருக்கும், வெளிநாட்டுக்கும், உதவி நிறுவனங்களின் அலுவலகங்களுக்குமே போனார்கள். உதவி செய்ய வந்தவர்களே, உதவி பெறும் பள்ளியின் ஆசிரியரை இழுத்துக்கொண்டு போனதைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

இதைச் சரிசெய்யவும் முயற்சிகள் நடந்தன. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கியின் பொருளாதார வளர்ச்சிக் கழகம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மூன்றும் சேர்ந்து, ஆப்பிரிக்க மேலாண்மைப் பயிற்சி நிலையங்களையே வலுப்படுத்த ஒரு திட்டம் நடத்தின. ஆட்களுக்கு வகுப்பெடுப்பதைவிட, வகுப்பெடுக்கும் நிலையத்தைக் கவனிப்போம் என்பது அதன் எண்ணம். ஆசிரியர்களின் திறமை, உள்ளூர்ப் பாடங்கள், நிலையத்தின் நிதி நிலை ஆகியவை முன்னுக்கு வந்தன. 1991-இல் உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் ஆதரவில் ஆப்பிரிக்கத் திறன் வளர்ப்பு நிறுவனம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஏற்பட்டது.

நிமிர்ந்து நின்ற நிலையங்களும் உண்டு. அருஷா நிலையம் தன் செலவின் பெரும்பகுதியைப் பயிற்சிக் கட்டணத்தாலும் ஆலோசனைப் பணிகளாலும் ஈட்டக் கற்றுக்கொண்டது. கானா நிலையம் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அரசு மானியத்தை விட்டுத் தன் வருமானத்தில் நடக்கும் வழிக்கு மாறி, பின்னர் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. காசு கொடுத்துப் படிக்க வருகிறவர் பாடம் உதவாவிட்டால் மறுபடி வரமாட்டார். அந்தப் பயம் பள்ளிக்கு நல்லது. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. கட்டணம் கட்ட முடிந்த வங்கி அதிகாரிக்கு வகுப்பு கிடைக்கும். காட்டு ஸ்டேஷனில் இருக்கும் கேங் மேஸ்திரிக்குக் கிடைக்காது. அந்த இடத்தில்தான் உதவிப் பணத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ரயில்வேக்காரன் என்பதால் இன்னோர் உதாரணமும் சொல்கிறேன். தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்து ஜாம்பியாவின் கப்பிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதையை, வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சீனா 1970 முதல் 1975 வரை கட்டியது. ம்பிகாவில் பயிற்சிப் பள்ளியும் உண்டு. ஆண்டுக்கு இருபது லட்சம் டன் சரக்குக்காகத் திட்டமிட்ட பாதை அது. 2014-15-இல் ஏற்றியது ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவு. பராமரிப்புக்குப் பணமின்மை, லாரிப் போட்டி, தென் ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் திறந்தது எனக் காரணங்கள் பல. பாதை போடுவதைவிட, ஐம்பது ஆண்டு அதை நடத்துவது கடினம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. பிறகு எத்தியோப்பியா - ஜிபூட்டி மின்சார ரயிலில், சீன நிறுவனங்கள் ஆறு ஆண்டு இருந்து நடத்திக் காட்டி, 2024-இல்தான் நிர்வாகத்தை உள்ளூரிடம் ஒப்படைத்தன.

நம் வீட்டுக் கதை

இந்த விஷயத்தில் நாமும் உதவி வாங்கியவர்கள்தாம் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1961-இல் தொடங்கிய கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும், ஆமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கு ஹார்வர்டும் துணை நின்றன. இரண்டுக்கும் ஃபோர்ட் அறக்கட்டளை பணம் தந்தது. 1959-இல் நம் சென்னையில் ஐ.ஐ.டி. எழுந்தது மேற்கு ஜெர்மனியின் உதவியால்.

இவை ஏன் நிலைத்தன? நாம் கெட்டிக்காரர்கள், அவர்கள் இல்லை என்று சொல்வது அறியாமை. நம்மிடம் 1857 முதல் பல்கலைக்கழகங்கள் இருந்தன. படித்து வெளியே வருகிறவர்களை எடுத்துக்கொள்ளத் தொழிற்சாலைகள் இருந்தன. ஆமதாபாதில் உள்ளூர்த் தொழிலதிபர்களும் குஜராத் அரசும் பங்கெடுத்தார்கள். விக்ரம் சாராபாய் முன்னின்றார். ஆசிரியர்கள் ஹார்வர்டுக்குப் போய்ப் பயின்று திரும்பி வந்தார்கள். திரும்பி வந்து உட்கார நாற்காலியும், வாழப் போதுமான சம்பளமும் இருந்தன. இந்தியக் கம்பெனிகளின் நிகழ்வுகளை அவர்களே எழுதினார்கள். 1965-இல் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாய், 1972-இல் பதவியை விட்டு இறங்கி அதே இடத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். நிலையம் ஓர் ஆளை நம்பி இல்லை என்பதை அதைவிட நன்றாக யார் காட்ட முடியும்?

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டோம். 1964-இல் தொடங்கிய 'ஐடெக்' என்ற நம் அரசின் திட்டத்தில்தான், அந்த இளைஞர் சொன்ன டிக்கெட்டும் சாப்பாடும் பயிற்சியும் வெளிநாட்டு அதிகாரிகளுக்குத் தரப்படுகின்றன. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2004-இல் முன்வைத்த யோசனையில் பிறந்து, 2009-இல் தொடங்கிய ஆப்பிரிக்க மின்-வலைத் திட்டத்தின் வழியே, சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நம் பல்கலைக்கழகங்கள் அங்குள்ள மாணவர்களுக்குப் பாடம் நடத்தின. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் தன் கிளையைத் திறந்தது. வெளிநாட்டில் ஒரு ஐ.ஐ.டி. அமைவது அதுவே முதல் முறை. ஜெர்மானியர் கைபிடித்து நடக்கக் கற்ற பிள்ளை, இன்று இன்னொருவர் கையைப் பிடிக்கிறது. அங்கே தான்சானிய ஆசிரியர்கள் எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இருபது ஆண்டு கழித்து அதை எடைபோட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

2018-இல், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு, நான் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பெடுத்தபோது ஐடெக் திட்டத்தில் சில ஆப்பிரிக்கப் பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் நான் பணி செய்த அதே நாட்டவர், அதே பள்ளியில் படித்தவர். டாம்பிங் மெஷினைப் பற்றி விசாரித்தேன். "அது அப்படியே நிற்கிறது, அதன் நிழலில் ஆடு கட்டுகிறார்கள்" என்றார். முந்நூறு பக்கக் குறிப்பை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

பிறகு தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். சுவாஹிலியில் கையால் எழுதியது. பள்ளியில் எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்ளும் நிகழ்வுகளாம். இருபத்துமூன்று இருந்தன. புரட்டிக்கொண்டே வந்தபோது வளைவு, பாலம், சதுப்பு நிலம் என்று படம் போட்ட பக்கத்தில் நின்றுவிட்டேன். எங்கள் எட்டில் இரண்டு அதில் இருந்தன. எங்கள் இருவர் பெயரும் எங்கும் இல்லை. மற்ற இருபத்தொன்று யார் எழுதியவை என்று கேட்டேன். "எங்கள் வாத்தியார்கள்தான். முதலில் தொடங்கியவர் ஒரு பெரியவர். நடுவில் எங்கேயோ வெளி வேலைக்குப் போய், மூன்று ஆண்டில் திரும்பி வந்துவிட்டாராம். ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார்" என்றார்.

அந்த இளைஞர் ஊர் திரும்பும்போது ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். இருபது ஆண்டுக்கு முன் விடைபெற வந்தவரைப் பார்க்காமல் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, அந்த இளைஞரின் வாட்ஸ்அப்பில் ஒரு காகிதத்தின் படம் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "ஃபுண்டி, அந்த ஆறு பேர் இப்போது நான்கு பேராகிவிட்டார்கள். பாடத்தைத் திருத்தி எழுத வேண்டும்" என்று இருந்தது.

இளைஞருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. எங்கள் இரண்டாண்டுத் திட்டத்தில் மிஞ்சியது இரண்டு பாடங்கள். கட்டடத்துக்கும் மெஷினுக்கும் எங்கள் படிக்கும் செலவான பணத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஆனால் அந்த இரண்டோடு அவர்களே இருபத்தொன்றைச் சேர்த்திருக்கிறார்களே, அதுதான் நிலையம் வலுப்பெறுவது. உதவிப் பணத்தை அடுத்த முறை எங்கே போடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், உள்ளூர் ஆசிரியர் அந்தப் பள்ளியிலேயே தங்குமளவு சம்பளத்துக்கும், அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடம் சேகரிக்கும் செலவுக்கும், பத்தாண்டுக்குக் குறையாத காலத்துக்கும் போடுங்கள் என்பேன். மெஷின் கொடுத்தால் அதன் உதிரிப்பாகத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வேலை நிமித்தமாக நைரோபிக்கும் தாருஸ்ஸலாமுக்கும் போகிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆறு மாதம் பாடம் சொல்லாதீர்கள். டிராலியில் ஏறிப் போய்ப் பாருங்கள். உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் விடைபெற வந்தால், எழுந்து வாசல்வரை போய் வழியனுப்புங்கள்.